இரண்டு மணி நாடகம்

ஒரகடம்,
11.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுடலைக்கண்ணு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலியும் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னது மனசிலேயே நின்றுவிட்டது. "சத்தம் சுத்தமா போயிட்டுடே. நாடகத்துல வாய் அசையுது, அழுதாவ, சிரிக்காவ. என்னத்துக்குன்னுதான் தெரியல" என்றாய். மருமகளிடம் கேட்டால், "சும்மா சண்டை அத்தை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாளாம். உன்னிடம் போனில் பேசவும் வழியில்லை. ஆகவே பத்து நாளைக்கு ஒரு தடவை, 'ஆரணி வீட்டுப் பெண்கள்' நாடகத்தில் யார் என்ன பேசினார்கள் என்று நான் எழுதி அனுப்புகிறேன். நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

சிரிக்காதே. ஆஸ்பத்திரியில் இசக்கியம்மாள் கடைசியாகப் பார்த்துக்கொண்டிருந்த நாடகம் அது. கட்டிய பெண்டாட்டி இருந்தவரை கேலி செய்தேன். அவள் போன பிறகு, அடுத்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

என் வேலை உனக்குத் தெரியாது. காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுகிற கம்பெனி. ஆட்கள் போகிற கேட் முன்னால் இருக்கிறது. சரக்கு வருகிற பின்கேட்டுக் காவல் என்னுடையது. ரோட்டிலிருந்து கண்டெய்னர் ரிவர்சில்தான் உள்ளே வர முடியும். நான் பின்னால் நின்று விசில் ஊதிக் கையைக் காட்டினால்தான் டிரைவர் வண்டியை அசைப்பார். தங்கியிருக்கும் அறையில் ஆறு பேர். ஒருவன் எழுந்த பாயில் அடுத்தவன் படுக்கிறான். யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு நாடகம் ஆரம்பித்தால் அரை மணி நேரம் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது. அதில் நளாயினி என்று ஒரு மகள் இருக்கிறாள்.

இந்த வாரம் நடந்தது. செவ்வாய்க்கிழமை மாமியார் சிவகாமி படியில் நின்று கையை நீட்டினாளே, அப்போது சொன்னது: "இந்த வீட்டு வாசலைத் தாண்டினா நீ திரும்ப உள்ள வர முடியாது." புருஷன் கௌதம் சொன்னது: "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்." வியாழக்கிழமை நளாயினி அப்பா வீட்டுக்குப் போய் அழுதாள். அப்பா மாணிக்கவேல் மீசையைத் தடவிக்கொண்டே, "நாலு பேர் முன்னாடி அப்பாவைத் தலைகுனிய வெச்சுடாதம்மா. திரும்பிப் போயிடு" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

இப்படிக்கு,
உன் தம்பி சுடலைக்கண்ணு


திசையன்விளை,
20.1.2025

என் தம்பி சுடலைக்கு,

அக்கா பாப்பம்மாள் ஆசியோடு எழுதுவது. உன் கடிதம் கண்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? எட்டு இடத்தில் ஒற்றுப்பிழை விட்டிருக்கிறாய். பால்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளின் தம்பி நீ.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அந்த மாணிக்கவேல் மகளின் தலையைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்து, "நீ இங்கேயே இரு" என்று சொல்கிறான் என்றல்லவா நினைத்தேன். திரும்பிப் போகச் சொன்னானா? வாய் வைத்திருந்தும் பேச வேண்டியதைப் பேசாதவன் அவன்.

இந்த வீட்டில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அவரவருக்கு வேலை. ஆனால் முகத்தைப் பார்த்து என்னிடம் பேசுகிறவர்கள் டிவிக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் முழு முகத்தையும் காட்டி அழுகிறார்கள். அவர்கள் சொல்வதைத் தெரிந்துகொள்ள இப்போது நீ இருக்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். இரண்டு மணிக்கு நீ கேட்டில்தானே இருப்பாய்? வேலை நேரத்தில் பார்த்தால் யாரும் ஏதும் சொல்ல மாட்டார்களா?

தலையில் தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்காதே.

அன்புடன்,
அக்கா


ஒரகடம்,
3.2.2025

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். மாத்திரையை விடாமல் சாப்பிடு. பிழைகளைக் குறைத்திருக்கிறேன், பார்.

யாரும் ஒன்றும் சொல்வதில்லை. லாரி வந்துபோகும் பதிவு நோட்டில் போனைச் சாய்த்து வைத்துவிடுவேன். பார்க்கிறவர்களுக்கு நோட்டு எழுதுகிற மாதிரி இருக்கும். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். லாரிகள் அதிகம் வராது. வந்தாலும் ஹாரன் அடிப்பார்கள்.

இன்னொரு செய்தி. நாடகத்துக்கு எனக்கு இங்கே ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறாள். எழிலரசி என்று பெயர். பிள்ளைப்பாக்கத்துப் பெண், இருபத்தொரு வயது, வயர் லைனில் வேலை. அப்பா இல்லை. அம்மா வேறொரு கம்பெனியில் துப்புரவு வேலை செய்கிறார். காலை ஷிப்ட் முடிந்து முன்கேட் வழியாக வெளியே வந்து, மதில் ஓரமாக நடந்து என் பூத்துக்கு வருவாள். கம்பெனி பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும். அதற்குள் கதை வேண்டும் அவளுக்கு.

"இன்னா தாத்தா, நளாயினி வூட்ட வுட்டுப் போய்ட்டாளா இல்லியா?"

"தாத்தா இல்ல. எனக்கு ஐம்பத்தெட்டுதான்."

"சரி தாத்தா, கதைய சொல்லு. பஸ்ஸு பூடும்."

லைனில் எட்டு மணி நேரம் நின்றபடியே வேலை. பேசக் கூடாது. பாத்ரூம் போவதற்குக்கூடச் சீட்டு வாங்க வேண்டும். "அங்க நிக்கும்போது மனசுக்குள்ள நளாயினி வூட்டுக்குப் பூடுவேன் தாத்தா. அந்த மாமியாரை நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வருவேன். அதுக்குள்ள டீ பிரேக் வந்துடும்" என்கிறாள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன், அக்கா.

இந்த வாரம் முக்கியமானது சனிக்கிழமை. நளாயினி பெட்டியோடு இறங்கினாளே, அப்போது சிவகாமியிடம் சொன்னது: "நான் தோத்துப் போகல. விளையாட்ட நிறுத்திட்டேன்." எழிலரசி இதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவேன். லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
சுடலைக்கண்ணு


திசையன்விளை,
14.2.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே பனி விட்டுவிட்டது. மூட்டுவலி கொஞ்சம் தேவலை. உன் சுகத்தை எழுது.

அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியதும் அவள் நடந்து வருவது எனக்குக் கண்ணில் தெரிகிறது. சின்னப் பிள்ளை, ஒரு டிபன் பையும் மாட்டியிருப்பாள். நான் சொன்னதாக அவளிடம் சொல். நளாயினி அந்த வீட்டுக்குத் திரும்பப் போகக் கூடாது. கௌதம் வந்து காலில் விழுந்தாலும் போகக் கூடாது. அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எழுது. நீ நடுவில் யோசனை சொல்ல வராதே. ஆம்பளைகளுக்கு இதில் புத்தி போதாது.

அவளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களா? அம்மா பெயர் என்ன? எல்லாவற்றையும் விவரமாக எழுது. பங்குனிக்கு வரும்போது முடிந்தால் ஒரு போட்டோ கொண்டுவா.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா


ஒரகடம்,
28.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது.

என்னை முன்கேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே கூட்டம் அதிகம்.

நாடகத்தில் கௌதம் வந்து நளாயினியைக் கூப்பிட்டான். "எல்லாத்தையும் மறந்துடலாம்" என்றான். அவள், "மறக்க முடியாது" என்றாள். சிவகாமி கோபமாகப் பேசினாள். மாணிக்கவேல் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்.

சுடலைக்கண்ணு


திசையன்விளை,
8.3.2025

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. எழுத்தும் கோடு விட்டு இறங்குகிறது. காய்ச்சலா? உள்ளதைச் சொல்.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதைச் சொன்னாயா? அவள் என்ன சொன்னாள்? அதைத்தான் முதலில் தேடினேன். ஒரு வரி இல்லை. முன்கேட்டுக்கு மாறினால் என்ன, அவள் அந்த வழியாகத்தானே வெளியே வர வேண்டும்?

இன்னொன்று. கௌதம் கூப்பிட வந்தபோது நளாயினி வாய் திறந்து பேசியதாக எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தினாள். "மறக்க முடியாது" என்று எப்போது சொன்னாள்? ஒருவேளை நான் அடுப்படிக்குப் போன நேரமாக இருக்கும்.

சீக்கிரம் எழுது. பங்குனிக்குப் பொங்கல் வைக்க அரிசி எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


ஒரகடம்,
29.3.2025

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னித்துக்கொள். காய்ச்சல் ஒன்றுமில்லை. ஆள் பற்றாக்குறை, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வர இயலாது. சாஸ்தாவிடம் எனக்காகவும் கும்பிட்டுக்கொள்.

அந்தப் பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

நாடகத்தில் இந்த வாரம் மாணிக்கவேல் பேசியதுதான் பெரிது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, மீசை நனையும்படி அழுதார். "என் கண்ணு முன்னாலதான் எல்லாம் நடந்துச்சு. நான் பாக்கல. பாத்திருந்தா ஒரு கை நீட்டித் தடுத்திருப்பேன். இனி யாருக்கிட்டப் போய் என்ன சொல்ல? சொன்னா மட்டும் அவ வரப்போறாளா?" என்றார். நெடுநேரம் பேசினார். நளாயினி அங்கே இல்லை.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

சுடலைக்கண்ணு


திசையன்விளை,
6.4.2025

சுடலை,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். என் சுகத்தை விட்டுவிடு. நான் கேட்பதற்குப் பதில் சொல்.

மாணிக்கவேலாக நடித்தவர் நாடகத்தை விட்டுப் போய்ப் பத்து நாளைக்கு மேல் ஆகிறது. இனி இவருக்குப் பதில் இவர் என்று கீழே எழுத்து ஓடியது. புது ஆளுக்கு மீசையே கிடையாது. ஏல, நீ எந்த மீசை நனைந்ததைப் பார்த்தாய்? அதுவும் போக, அவன் இரண்டு வாரமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறான். பேசவே இல்லை.

நீ நாடகம் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து பார்க்கவில்லை? முந்தின கடிதத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சத்தம் கேட்காத கிழவிதானே, எதை எழுதினாலும் நம்பிக்கொள்வாள் என்று நினைத்தாயா?

நீ எழுதினாயே, "சொன்னா மட்டும் அவ வரப்போறாளா" என்று. யார் வரப்போவதில்லை?

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

அக்கா


திசையன்விளை,
5.5.2025

தம்பி சுடலைக்கு,

அக்கா ஆசியோடு எழுதுவது. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. தபால்காரர் தெருவில் வந்தால் எனக்கு மணி கேட்காது என்பதால் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்று என் மகன் உன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னான்.

போன கடிதத்தில் அதட்டிவிட்டேன். அதனால்தான் எழுதவில்லையோ என்று யோசித்தேன். இப்போது அதட்டவில்லை. ஒன்று சொல்கிறேன், கேள்.

காய்ச்சலில் என் காது போனது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும். இடது காது வயசில் போனது. வலது காது உங்கள் அத்தான் அடித்த அடியில் போனது. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நீ முற்றத்தில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் விழுந்தது உனக்குக் கேட்டிருக்கும். நீ நிமிரவே இல்லை. துடைத்த சக்கரத்தையே திரும்பவும் துடைத்தாய். நானும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. உனக்குப் பத்தொன்பது வயது. அவர் வீட்டுச் சோற்றைத் தின்று படித்துக்கொண்டிருந்தாய். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் நீ பேசாமல் இருக்கும்போது எப்படி இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் சொல்கிறேன்.

என்ன நடந்திருந்தாலும் எழுது.

அக்கா


ஒரகடம்,
21.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சைக்கிள் விஷயம் எனக்கும் மறக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

எழிலரசி இறந்துவிட்டாள். பிப்ரவரி 19, புதன்கிழமை, மத்தியானம் இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு. என் கேட்டில்தான். ரிவர்சில் வந்த கண்டெய்னரின் பின் சக்கரத்தில்.

அன்று நளாயினிக்குக் கோர்ட்டில் தீர்ப்பு. மூன்று நாளாக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். லாரி வந்து ஹாரன் அடித்தது. நான் எழுந்து பின்னால் போய் நின்றிருக்க வேண்டும். போகவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். டிபன் பை பூத் வாசல்வரை உருண்டு வந்து கிடந்தது.

டிரைவர் பெருமாள்சாமி நாமக்கல் பக்கத்து ஆள். இறங்கி ஓடி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் பஸ்சில் இருந்தவர்கள் வந்து அவரைப் பிடித்து அடித்தார்கள். கை முறிந்தது. நான் பூத்துக்குள்ளேயே நின்றேன்.

சாயந்திரம் செக்யூரிட்டி ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் என் போன் இருந்தது. யார் எடுத்துக் கொண்டுபோனார்கள் என்று தெரியாது. அதில் இன்னும் ஏதோ ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவரே அதை நிறுத்தினார். நிறுத்திவிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார். நான் பின்னால் நின்று சிவப்புக் கொடி காட்டினேன் என்றும், அந்தப் பெண் காதில் போனை வைத்துப் பேசியபடி, நான் விசில் ஊதியும் கேட்காமல் குறுக்கே வந்தாள் என்றும், டிரைவர் கவனிக்காமல் வண்டியை எடுத்தார் என்றும் அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு டீ சாப்பிடுங்க. நாளையிலேர்ந்து முன்கேட்டுக்கு வந்துடுங்க" என்றார். பின்கேட் கேமரா பொங்கலிலிருந்தே வேலை செய்யவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். டீயும் குடித்தேன்.

அதைத்தான் போலீசுக்கும் கொடுத்தார்கள். பெருமாள்சாமி மேல் கேஸ். லைசென்ஸ் போயிற்று.

அவள் அம்மா பெயர் கங்கம்மாள். நீ கேட்டிருந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் தொடர்ந்து முன்கேட்டுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. வெயிலில் நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் கேட்டார். என்னிடமும் கேட்டார்.

"எம் பொண்ணு போன் பேசிக்கினு வந்துச்சின்னு எழுதிக் குட்த்துக்கிறாங்களாமே. அவ போனு பையில கீது, ஆஃப் பண்ணி கீது. கம்பெனிக்குள்ள போவும்போது ஆஃப் பண்ணது. யாராண்ட பேசுனாளாம்? ஊர்ல எவன்கிட்டயோ பேசிக்கினு வந்து செத்தாளாம். அத எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, "நீயாவது தண்ணி குட்த்தியே" என்றார்.

அதன்பிறகு நாடகம் பார்க்கவில்லை. இரண்டு மணி ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். உனக்கு எழுதினால் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி இருந்தது. அதனால்தான் நானாகக் கட்டி எழுதினேன். உன்னை ஏமாற்ற இல்லை.

உன் தம்பி,
சுடலைக்கண்ணு


திசையன்விளை,
28.5.2025

சுடலைக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. அவள் டிபன் பை மாட்டியிருப்பாள் என்று நான்தானே எழுதினேன்.

நீ இன்னும் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

ஜனவரியில் நீ எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. கையைக் காட்டினால்தான் டிரைவர் வண்டியை அசைப்பார் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ போனைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த ஆள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றிருப்பான். அவன் ஏன் வண்டியை எடுத்தான்? அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கேட் தெரியாததல்ல. ஏன் லாரிக்குப் பின்னால் வந்தாள்?

நான் காதால் கேட்கிறவள் இல்லை. முகத்தையும் கையையும் பார்த்தே காலத்தை ஓட்டுகிறவள். உன் கை எங்கே இருந்தது?

எனக்கு எழுத வேண்டாம். அந்த அம்மாவிடம் போய்ச் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதற்கு முன் எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அக்கா


ஸ்ரீபெரும்புதூர்,
2.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் நான் போகவில்லை. இரண்டு தடவை பிள்ளைப்பாக்கத்தில் பஸ்சை விட்டு இறங்கி, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். ஜூன் 20 அன்றுதான் போனேன். காலை பதினோரு மணி இருக்கும். கங்கம்மாள் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "தண்ணி குட்த்த செக்யூரிட்டிதானே, வா" என்று உள்ளே கூப்பிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் எழிலரசியின் படம், கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது.

தாளில் கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவள் போன் பேசவில்லை, நான் கொடி காட்டவில்லை என்றும் சொன்னேன். அவர் துவைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் உனக்கும் எழுதாததைச் சொன்னேன்.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. எழிலரசி அந்தப் பக்கம் மதில் ஓரம் வந்து நின்றிருக்கிறாள். லாரி நகரப் போகிறதோ என்று தயங்கியிருப்பாள். "தாத்தா, தீர்ப்பு வந்துச்சா?" என்று கத்தினாள். அது எனக்குக் கேட்டது. நீதிபதி பேச வாயெடுக்கிற நேரம். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பூத்துக்கு வெளியே கையை மட்டும் நீட்டி, வா வா என்று ஆட்டினேன். அவளைத்தான் கூப்பிட்டேன். பெருமாள்சாமி கண்ணாடியில் பார்த்தது அந்தக் கையை. அவர் வண்டியை எடுத்தார். அவள் வந்தாள்.

போலீசில் அவர் அதைச் சொல்லியிருக்கிறார், செக்யூரிட்டி கை காட்டினான் என்று. என் தாள் இருந்ததால் யாரும் நம்பவில்லை.

கங்கம்மாள் சுவரில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கூப்ட்டியா?" என்றார்.

"கூப்பிட்டேன்."

"எப்டி கூப்ட்டே? காட்டு."

எனக்குக் கை எழவில்லை. "காட்டுய்யா" என்றார். உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் கையை நீட்டி ஆட்டிக் காட்டினேன். அவர் அந்தக் கையையே பார்த்தார்.

"நாலு மாசமா ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சிக்கினு கீறேன்" என்றார். "பின்னால அம்மாம் பெரிய வண்டி வர்றது தெரியாத, இன்னா யோசனைல போய்க்கினு இருந்தா, அவளுக்கு எங்கிட்ட சொல்லாத இன்னா கஷ்டம் இருந்துதுன்னு. ஒண்ணும் இல்ல. பெரியவங்க கூப்ட்டாங்க, வந்துச்சு. அவ்ளோதான்."

அழுவார் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போய் வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தார். "எழுந்திரு. ஸ்டேஷனுக்குப் போவலாம்" என்றார். ஷேர் ஆட்டோவில் நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பின்னால்.

ஸ்டேஷனில், "நாலு மாசம் கழிச்சு வந்து இன்னா கத சொல்ற?" என்று கேட்டார்கள். இன்ஸ்பெக்டர் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். கங்கம்மாள், "இவரு இன்னிக்கு வந்துக்கிறாரு. நாளைக்கு வருவாரான்னு எனக்குத் தெரியாது" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் நம் நாடகமும் வந்து போனது. இரண்டு பேரும் தலையைத் தூக்கவில்லை.

கடைசியில் எழுதிக்கொண்டார்கள். இப்போது கேஸில் என் பெயரும் சேர்ந்திருக்கிறது. ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். பெருமாள்சாமிக்கு இதனால் நல்லது நடக்கும் என்று வக்கீல் சொல்கிறார், எப்போது என்று சொல்லவில்லை. கம்பெனியில் அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார்கள். நான் மனநிலை சரியில்லாதவன் என்று இப்போது வேறொரு தாள் தயாராகிறதாம். அறையைக் காலி செய்துவிட்டேன். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறேன், படுக்க இடமும் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் கோர்ட் தேதி. அதுவரை ஊருக்கு வர முடியாது.

பெருமாள்சாமிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கங்கம்மாள் என்னை மன்னித்துவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. இனி வீட்டுப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்றைக்கு வாக்குமூலத்தை எழுதி முடித்து எழுத்தர் படித்துக் காட்டியபோது, "எழிலரசியை நான் கையசைத்து அழைத்தேன், அதனால் அவள் வந்தாள்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தார்கள். "ஊர்ல காட்டணும், எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்று கேட்டு, அவர்கள் தரும்வரை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டுதான் போனார்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு, அக்கா. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

உன் தம்பி,
சுடலைக்கண்ணு